நான் சேர்த்துக் கொடுத்த நிமிடங்கள்

வியாழக்கிழமை, மதியம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மகள் வாலுவும் உடம்பளவில் சுகம், அங்கே உன் இடுப்புவலி எந்த மட்டில் இருக்கிறது, அந்த முதியோர் இல்லத்தில் நீ தனி ஆளாகத் தூக்கிக் குளிக்கவைக்கும் கனத்த அம்மாளுக்கு இப்போதாவது இரண்டாவது ஆள் போட்டார்களா, அதையெல்லாம் நான் கேட்டதாகவே வைத்துக்கொள். வாரத்துக்கு மூன்று முறை போனில் பேசுகிறோமே, அம்மாவுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். என் காதுக்காக ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது, இந்த இரண்டு அறை வீட்டில் நான் உன்னிடம் பேசுவது வாலுவுக்கும் கேட்கும், மாடிப்படியில் இறங்குகிறவர்களுக்கும் கேட்கும். இது அப்படிச் சொல்லும் விஷயம் இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் தம்பி ஞாயிற்றுக்கிழமை நீ இருக்கும் ஊருக்கு வேலைக்குப் போகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதை நினைத்து இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

வாலு ஐந்து மாதமாக எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிப்பது உனக்குத் தெரியும். தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். நீ இருக்கும் ஊரின் கல்லூரி, அறுநூற்று நாற்பத்தைந்து வந்தால்தான் எடுப்போம் என்று அனுப்பிய தாள் அவள் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. தேர்வு முடிந்த இரண்டாம் நாள் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், ஆகையால் இன்னொரு முறை எழுதிப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீயும் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு அறை பார்த்துவிட்டேன், ஜன்னல் பக்கத்துக் கட்டில் அவளுக்கு என்று போன வாரம் சொன்னாய். பதினேழு வயதில் நீ விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு இப்போது இருபத்தாறு. அம்மாவும் மகளும் ஒரு கூரைக்குக் கீழே இருப்பது இந்த ஒரு மதிப்பெண்ணில் தொங்குகிறது, அது தெரிந்துதான் நான் இதைச் செய்தேன் என்பதை நினைக்கும்போது எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அவள் படிக்கிற விதம் உனக்குப் போனில் தெரியாது. பார்சல் கம்பெனியில் எந்த வேன் எந்தத் தெருவுக்கு என்று நாள் முழுக்கப் பிரித்து அனுப்பிவிட்டு, ஆறரைக்கு வந்து முகம் கழுவி உட்கார்ந்தாளானால் எழுந்திருக்க மாட்டாள். ஒரு நோட்டு வைத்திருக்கிறாள், அதற்குப் பெயர் தப்பு நோட்டு. தப்பாய்ப் போன ஒவ்வொரு கணக்கையும் அதில் எழுதி, பக்கத்தில் காரணம் எழுதுவாள். தெரியவில்லை, தெரிந்தும் அவசரப்பட்டேன், கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, இப்படி. சரியாப் போட்டதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டா மார்க் ஏறாது பாட்டி, தப்பைத்தான் உக்காந்து பாக்கணும் என்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இது எவ்வளவு பெரிய படிப்பு என்று தோன்றியது, நாமெல்லாம் தப்பை ரப்பரால் அழித்தவர்கள்தானே. தேர்வில் மூன்று பகுதி, ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து நிமிடம். கணக்குப் பகுதியில் இருபத்தொரு கேள்வி, ஒன்றுக்கு இரண்டு நிமிடமும் சொச்சமும். பார், எனக்கே இதெல்லாம் மனப்பாடம். கடிகாரத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை உதறுகிறது, அதனால் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, தன் போனையும் அணைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, உன் அப்பாவின் டைம்பீஸை எனக்கு முன்னால் வைத்தாள். கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு தடவ சொல்லு, முடிஞ்சா முடிஞ்சுதுன்னு சொல்லு, வேற எதுவும் பேசாத பாட்டி, இனிமே நீதான் கண்காணிப்பாளர் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன், தையல்காரம்மாவிடம் சொன்னேன், தண்ணீர்க் கேன் போடுகிறவனிடம்கூடச் சொன்னேன், எம்.பி.ஏ. பரீட்சைக்கு நான்தான் கண்காணிப்பாளர் என்று. மருந்துக்கடைக்காரர், அப்ப எங்க கடைக்கும் ஒரு நாள் வந்து எங்க பையன் எத்தன மணிக்கு வரான்னு கண்காணிங்கம்மா என்றார். நான் அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முதல் முறை நான் வேண்டுமென்று செய்யவில்லை, இதை நீ நம்ப வேண்டும். பால் பொங்கிவிட்டது, ஓடிப்போய் அடுப்பை அணைத்துத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் நாற்பத்தெட்டு நிமிடம். முடிஞ்சுது என்றேன். அவள் திரும்பினாள் பார், அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். பாட்டி, இன்னிக்குத்தான் முதல் தடவையா எல்லாத்தையும் முடிச்சிட்டேன் என்று என்னைத் தூக்கியே விட்டாள். பால் பொங்கியதைச் சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. மறுமுறை மூன்று கணக்கு மிச்சமிருந்தது, ஒரு கணக்கிலேயே மாட்டிக்கொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள், பாவம், முடிக்கட்டும் என்று நாலு நிமிடம் விட்டேன். அப்புறம் ஆறு. அப்புறம் பத்து நிமிஷம் இருக்கு என்று நான் சொல்லும்போது டைம்பீஸில் உண்மையில் இரண்டு நிமிடம்தான் இருக்கும், அவ்வளவு துணிந்துவிட்டேன். புத்தகத்தின் பின்னால் எத்தனை சரியென்றால் எவ்வளவு மதிப்பெண் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஐந்நூற்று அறுபத்தைந்தில் இருந்தவள் அறுநூற்று ஐந்து, அறுநூற்று நாற்பத்தைந்து, கடைசியில் அறுநூற்று எழுபத்தைந்து என்று ஏறினாள். அதைத்தான் உன்னிடம் போனில் சொன்னாள், அதைக் கேட்டுத்தான் நீ அறை பார்த்தாய். அந்த ஏற்றத்தில் பாதிக்கு மேல் நான் கொடுத்தது.

கம்ப்யூட்டரில் எழுதும் மாதிரித் தேர்வு இரண்டு இருக்கிறது, தேர்வு நடத்துகிறவர்களே கொடுத்தது. அதை முன்னாலேயே எழுதித் தீர்த்துவிட்டால் கடைசியில் தன்னை அளந்து பார்க்க ஒன்றும் இருக்காது என்று பத்திரமாக வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை கை கழுவிக்கொண்டே சொன்னாள், சனிக்கிழமை முதல் மாதிரித் தேர்வு எழுதப்போறேன் பாட்டி, ஆபீஸ்ல லேப்டாப் கேட்டிருக்கேன், அது தானே நேரம் பாத்துக்கும், அன்னிக்கு உனக்கு லீவு. எனக்குக் கையிலிருந்த தட்டு நழுவிவிட்டது. ஈரக் கை என்று சமாளித்தேன்.

இதோடு இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், உன்னிடம் மறைத்தால் வேறு யாரிடம் சொல்வேன். நேற்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது எனக்குள்ளே ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துக் கேட்டது, இவள் தோற்றால் உன்னோடு இங்கேயே இருந்துவிடுவாளே, அதற்குத்தான் செய்தாயா என்று. இல்லை என்று உடனே சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து போக முடியவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மகளே, இரக்கப்பட்டுத்தான் செய்தேன் என்று சத்தியம் பண்ணத் தயாராக இருக்கிறேன், ஆனால் முழுச் சத்தியமா என்று என்னைக் கேட்காதே.

சொல்லட்டுமா வேண்டாமா என்று உன்னைக் கேட்கத்தான் காகிதத்தை எடுத்தேன். எழுத எழுதத்தான் உறைக்கிறது, இது உன் கைக்கு வருவதற்குள் சனிக்கிழமை போய்விடும். நீ பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துத்தான் கேட்கிறேன் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை

சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், முடிக்கட்டும் என்று நினைத்தேன், பிறகு அந்த முடிக்கட்டும் என்ற நினைப்புதானே எல்லாவற்றுக்கும் காரணம் என்று டைம்பீஸைக் கொண்டுபோய் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். என்ன பாட்டி, ஓடலையா, பேட்டரி மாத்தணுமா என்றாள். அது ஒழுங்காத்தான் ஓடுது, நான்தான் உனக்கு ஓடவிடல என்றேன். முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். பால் பொங்கியதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். ஜன்னலோரத்தில் எனக்குள்ளே எட்டிப் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை, அது உனக்கும் எனக்கும்.

கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. கையைக் கழுவிவிட்டு வந்து, எந்தெந்த நாள் எத்தன நிமிஷம், ஞாபகம் இருக்கா என்று கேட்டாள். எனக்கா ஞாபகம் இருக்காது, ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்திக்கொண்டல்லவா இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவள் பழைய தாள்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு, கடைசி மூன்று, கடைசி நாலு என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டு அடித்தாள். தானே போட்ட சரியான விடைகளை, டிக் அடித்திருந்ததை, அதன் மேலேயே அடித்தாள். அந்தப் பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் கேட்காத என் காதுக்கும் கேட்டது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, அப்ப நான் ரெண்டு மாசமா அதே எடத்துலதான் நிக்கிறேன் என்றாள். அது போதாதென்று, மாட்டிக்கிட்ட கணக்க விட்டுட்டு அடுத்ததுக்குப் போறதுதான் இந்தப் பரீட்சையே, அத நான் கத்துக்கவே இல்ல, நீ கத்துக்க விடல என்றாள். கடைசியாக ஒன்று கேட்டாள். நான் சரியான நேரத்துல முடிப்பேன்னு நீ ஒரு நாள்கூட நம்பலையா பாட்டி. மகளே, என்னை யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு தாள்களை வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போனில் நீ கூப்பிட்டபோது, படிக்கிறேன்மா நாளைக்குப் பேசுறேன் என்று வைத்துவிட்டாள் அல்லவா, அது இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை, காலை

தையல்காரம்மாவின் தம்பி மூன்று மணிக்குப் புறப்படுகிறான், அதற்குள் முடிக்க வேண்டும்.

நேற்று மாதிரித் தேர்வு எழுதினாள். கதவைச் சாத்திக்கொண்டாள், நான் சமையலறையில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன். இடையில் பத்து நிமிடம் வெளியே வந்து தண்ணீர் குடித்தாள், என்னைப் பார்க்கவில்லை. முடிந்தபின் கதவு திறக்கவே இல்லை. தட்டலாமா கூடாதா என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். பிறகு உள்ளேயிருந்து, பாட்டி இங்க வா என்று குரல் வந்தது. ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. கணக்கில் நாலு கேள்வியைத் தொடவே இல்லையாம், கடைசி ஐந்து நிமிடம் ஓடுவதைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டதாம். ஐம்பது மதிப்பெண் குறைகிறது, ஆறு முழு நாள் இருக்கிறது. நான் அழுதேன். அவள் அழவில்லை, தப்பு நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கம் திறந்து, தப்பு என்ற இடத்தில் கூடுதல் நிமிடங்கள் என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டு நோட்டை என் பக்கம் தள்ளி, இது உன் தப்பு, நீயே எழுது, ரப்பர் கெடையாது என்றாள். பேனாவைத் திறந்தேன். இரக்கம் என்று எழுதலாம் என்று நினைத்தேன், அழகாக இருக்கும். ஆனால் அது அந்த நோட்டு, அதில் பொய் எழுத முடியாது. பயம் என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள், என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தான் தொடாமல் விட்ட நாலு கேள்விக்குப் பக்கத்திலும் அதையே எழுதினாள். பிறகுதான் என் தோளில் சாய்ந்து அழுதாள். குடும்ப வியாதி பாட்டி என்றாள்.

இன்று காலையில் பார்த்தால் மறுபடியும் டைம்பீஸை என் முன்னால் கொண்டுவந்து வைக்கிறாள். வேண்டாம் என்று கும்பிட்டேன். கம்ப்யூட்டர்ல நேரம் ஓடுறதப் பாத்தா எனக்குக் கை நடுங்குது, மொதல்ல உன் வாயால கேட்டுப் பழகிக்கிறேன், அப்புறம் அதையும் பாத்துக்கலாம், ஆனா ஒரு நொடி கூடக் கொடுத்தே, உன்னோட பேசவே மாட்டேன் என்றாள். பதினைந்து நிமிடத்துக்கு ஏழு கணக்கு முடிந்திருக்க வேண்டும், ஒன்றிலேயே மூன்று நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் நான் விடு என்று சொல்ல வேண்டும், தோன்றிய விடையைக் குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவாள், இதுதான் ஏற்பாடு. வாயால் சொன்னால் என் குரல் இளகிவிடும் என்று எனக்கே சந்தேகம். உன் அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்து அவர் மிச்சம் வைத்தது அந்த விசில்தானே. உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு இரண்டு வயது. காய்ச்சலோடு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஓடிவருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விசில் ஊதி பஸ்ஸை அனுப்பினார் மனிதர். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. உனக்காக நாலு நிமிஷம் நிறுத்தினா அடுத்த ஸ்டாப்புல நிக்கிறவனுக்கு நான் என்னடி பதில் சொல்றது என்றார், கல் நெஞ்சு என்று திட்டினேன். இன்றைக்கு நாற்பத்தைந்தாவது நிமிடம், வாலு ஒரு கணக்கின் நடுவில் இருக்கிறாள், இன்னும் ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதினால் விடை வந்துவிடும் என்று எனக்கே தெரிகிறது, கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். எவ்வளவு பலமாக ஊதினேனோ, தையல்காரம்மா கையில் கத்திரிக்கோலோடு ஓடிவந்து, திருடன் எந்தப் பக்கம் போனான் என்று கேட்டாள். வாலு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மூன்றை விட்டுவிட்டாள், ஆனால் மீதியில் முந்தியைவிட இரண்டு கூடுதலாகச் சரி. போதுமா போதாதா எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அவர் ஊதியது எப்படிப்பட்ட கஷ்டம் என்று இன்றைக்குத்தான் புரிந்தது, அதனால் உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷம்மா என்று சொல்லித்தான் நீ போனாய். பிறகு இன்னும் ஒரு வருஷம்மா என்றாய், சரி என்றேன். மறுபடியும் ஒன்று, மறுபடியும் சரி. ஒன்பது வருஷமாகிவிட்டது. நீ தோற்றுப்போனதாக நினைத்துவிடுவாயோ என்று பயந்து, முடிஞ்சுது என்று நான் உன்னிடம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அங்கே வேறு யாருடைய அம்மாவையோ நீ குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாய், நான் இங்கே நிமிடம் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். வாலுவுக்கு அந்த எண் வந்தால் அவள் உன்னிடம் வருவாள், நான் இங்கே தனியாக இருந்துகொள்வேன், தையல்காரம்மா இருக்கிறாள், விசிலும் இருக்கிறது. வராவிட்டால், வேலை ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் நீ புறப்பட்டு வா. இன்னும் ஒரு வருஷம் என்று சொல்லாதே, சொன்னால் இந்த முறை நான் சரி என்று சொல்லப்போவதில்லை. ஒரு கணக்கு நடுவில் நின்றால் நிற்கட்டும்.

தேர்வு நாளான வரும் சனிக்கிழமை காலையில் போன் பண்ணாதே, உன் குரல் நடுங்கினால் அவள் கை நடுங்கும். முடித்துவிட்டு அவளே கூப்பிடுவாள். இந்தக் கடிதத்தில் உள்ளதெல்லாம் அவளுக்குத் தெரியும், அந்த ஜன்னலோரத்துப் பேச்சு ஒன்றைத் தவிர, அதைப் படித்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. இடுப்புக்குத் தைலம் தடவிக்கொள், கனத்த அம்மாளைத் தனியாகத் தூக்காதே, ஆள் கேள், கேட்டால் கொடுப்பார்கள். நீயும் உன் மகளும் ஒரே அறையில் விளக்கை யார் அணைப்பது என்று சண்டை போடும் நாள் வரட்டும், அது எந்த ஊர் அறையாக இருந்தாலும் சரி. நீண்ட ஆயுசோடும் திடமான மனசோடும் இரு, என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு.

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுதும்,
உன் அம்மா.